பெசன்ட் நகரில் சொந்த வீடு: 11 வருட அனுபவம்

சென்னை பெசன்ட் நகருக்கு 2009-ல் வாடகைக்கு வந்தோம். 2014-ல் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கினோம். அன்றிலிருந்து "அங்கே வீடு வாங்கலாமா சார்?" என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுகிறேன். இனிமேல் இதை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் எங்களை மயக்கியது வீடு இல்லை. குரோம்பேட்டையிலிருந்து ஒரு ஏப்ரல் மதியம் வாடகை வீடு பார்க்க வந்தோம். பஸ் டெப்போவில் இறங்கி நடக்கும்போது மணி இரண்டு. உச்சி வெயில் நேரம், ஆனால் தெருவுக்குள் வெயில் இல்லை. இரண்டு பக்கத்துத் தூங்குமூஞ்சி மரங்களும் மேலே கிளை கோத்துக்கொண்டு நின்றன. ஒரு மரத்தடியில் அயர்ன்காரர் பெட்டியை ஓரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் போனால் மொசைக் தரை, பழைய ஒயரிங், குளியலறை மூலையில் பாசி. திரும்பி வரும்போது மனைவி சொன்னாள்: "வீடு சுமார்தான். தெரு நல்லாயிருக்கு." இந்த ஊருக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தெரு நன்றாக இருப்பதற்குக் காரணம் வீட்டுவசதி வாரியம். இன்று கோடிகளில் விலை பேசுகிற இந்த இடத்தில் பெரும்பகுதி வாரியம் போட்ட லேஅவுட்தான். அகலமான சாலை, ஓரத்தில் மரத்துக்கு இடம், நடக்கிற தூரத்தில் பூங்காவும் பள்ளியும் கடையும் என்று முதலிலேயே திட்டம் போட்டு மனை பிரித்தார்கள். அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத் தெரு எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். புதிதாக வருகிற டெலிவரி பையன்கள் 2வது அவென்யூவுக்கும் 2வது மெயின் ரோட்டுக்கும் நடுவில் அலைவதை இன்றும் பார்க்கலாம்.

எங்கள் கட்டடம் எழுபதுகளில் எழுந்தது. மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி இடத்தில் தரைத்தளமும் இரண்டு மாடியும், மொத்தம் 12 வீடு. லிஃப்ட் கிடையாது. எங்களுடையது இரண்டாவது மாடியில் 780 சதுர அடி. அதே பணத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஸ்டில்ட் பார்க்கிங், லிஃப்ட், பளபளக்கும் டைல்ஸ் எல்லாமாக ஒரு புது ஃப்ளாட்டும் காட்டினார்கள். அப்போது எங்கள் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "யூடிஎஸ் எவ்வளவு?"

யூடிஎஸ் என்றால் பிரிபடாத மனைப் பங்கு. ஃப்ளாட் வாங்கும்போது மண்ணில் நமக்குச் சொந்தமாவது அதுதான். பழைய கட்டடத்தில் மாடி குறைவு, வீடு குறைவு, அதனால் ஆளுக்கு 600 சதுர அடி வந்தது. புதியதில் அதைவிட எவ்வளவோ குறைவு. "சுவர் வருஷா வருஷம் தேயும், மண்தான் ஏறும். டைல்ஸைப் பார்க்காதீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு ஃபீஸ் கொடுக்கலாம்.

பத்திர விஷயத்தில் நாங்கள் பட்டது தனிக் கதை. வாரியத்திடமிருந்து ஒதுக்கீடு பெற்றவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர், அதில் ஒருவர் அமெரிக்காவில். வாரியம் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, 30 வருட வில்லங்கம், அமெரிக்காவில் கையெழுத்தான பவர் பத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சேர நான்கு மாதம் ஆயிற்று. வாரிய வீடு வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் இருந்தால் போதாது. தவணை முழுதும் கட்டி, வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். ஒதுக்கீட்டோடு நின்றுபோன வீடுகள் உண்டு.

இன்னொன்றில் மயிரிழையில் தப்பித்தோம். 50 லட்சத்துக்கு மேல் வீடு வாங்கினால், விற்பவருக்குக் கொடுக்கும் விலையில் 1 சதவீதத்தை வாங்குபவரே வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற விதி 2013-ல் வந்திருந்தது. மூன்று பேருக்கும் அதே 1 சதவீதம்தான் என்று நினைத்திருந்தோம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் அந்தக் கணக்கே வேறு, அப்போதைய விதிப்படி அவர் பங்குக்கு 20 சதவீதத்துக்கு மேல் பிடிக்க வேண்டியிருக்கும், அதற்கு நாம் டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வாங்க வேண்டும் என்று பதிவுக்கு ஒரு வாரம் முன்பு ஆடிட்டர் சொன்னார். பிடிக்காமல் விட்டிருந்தால் வருமான வரித்துறை வந்து நிற்பது என் வாசலில், அமெரிக்காவில் இல்லை. இங்கே பழைய வீடு விற்பவர்களில் பாதிப் பேருக்கு யாராவது ஒரு பிள்ளை கடல் தாண்டித்தான் இருக்கிறது. ஆகவே இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பதிவுச் செலவு அப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், கட்டணம் 1 சதவீதம். 2017-ல் கட்டணத்தை 4 ஆக்கினார்கள், 2023-ல் 2 ஆகக் குறைத்தார்கள். கோடிக் கணக்கில் ஒரு சதவீதம் என்பது ஒரு வருடப் பள்ளிக் கட்டணம். வங்கி இன்னொரு அடி கொடுத்தது. கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்று மதிப்பீட்டாளர் எழுதியதால், 20 வருடத்துக்குக் கேட்ட கடனை 12 வருடத்துக்குத்தான் தந்தார்கள். மாதத் தவணை எகிறியது. நான்கு வருடம் எந்த ஊருக்கும் சுற்றுலா போகவில்லை. கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினோம்.

சரி, கடலுக்கு வருகிறேன். வீட்டுக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் நடந்தால் ஏழு நிமிடம். காலை ஐந்தரைக்குப் போனால் ஷ்மிட் நினைவு வளைவுக்குப் பின்னால் சூரியன் வரும், ஊரூர் குப்பத்துப் படகுகள் கரையேறும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் மின்விசிறியே போதும். இதெல்லாம் உண்மை. அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது என்பதும் உண்மை. அதை யாரும் வீடு காட்டும்போது சொல்வதில்லை.

முதல் ஏசியின் வெளி யூனிட் மூன்றாவது வருடமே குழாய்ச் சுருள் அரித்து கேஸ் இறங்கிவிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கடல் காத்து சார்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எது கெட்டாலும் எங்கள் வீட்டில் அதுதான் பதில். ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட், சைக்கிள் செயினுக்கு மாதம் ஒரு முறை எண்ணெய். ஃபிரிட்ஜின் அடிப்பகுதி துருப்பிடித்துத் தூளாகிவிட்டது. பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்த மறுவாரம் கறுக்கும். இவையெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு கான்கிரீட்டுக்குள் இருந்தது. கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் மேலே இருக்கிற கான்கிரீட் வெடிக்கும். 2018-ல் பால்கனி சன்ஷேடிலிருந்து ஒரு துண்டு, நல்லவேளை இரவில், கீழே நின்ற ஸ்கூட்டர் மேல் விழுந்தது. கம்பியைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்து, மறுபடி பூசினோம். 12 வீடும் பங்கு போட்டும் ஆளுக்கு ஒன்றரை லட்சம் ஆனது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடு என்பதால் ஒழுகலும் எங்களுக்குத்தான். பழைய வீடு பார்க்கப் போனால் ஹாலைப் பார்க்காதீர்கள். நேராகச் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும், படிக்கட்டுக்குக் கீழேயும், குளியலறைக் கூரையையும் பாருங்கள்.

தண்ணீரில் குறை சொல்ல மாட்டேன். இது மணல் பூமி, பெய்கிற மழையைக் குடித்துக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம் மூழ்கியபோது, அங்கிருந்து அத்தை குடும்பம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. 780 சதுர அடியில் பதினோரு பேர், ஐந்து நாள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு ஊரே லாரிக்குக் காத்திருந்த சமயம், எங்கள் காம்பவுண்டுக் கிணறு கைவிடவில்லை. கொஞ்சம் கரித்தது, அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் போர்வெல் போட்டு இறைத்தால் கடல்நீர் நிலத்தடி நீருக்குள் வரும் என்ற பயம் இங்கே எல்லாருக்கும் உண்டு. அந்த வருடம் அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம், மழைநீர்க் குழாய்களைத் தூர்வாருவது. குழாயில் வருகிற மெட்ரோ வாட்டரில் நெம்மேலி ஆலையில் சுத்திகரித்த கடல்நீரும் கலந்திருக்கிறது. ஏசியைத் தின்கிற அதே கடலைத்தான் குடிக்கிறோம்.

மரங்களைப் பற்றி என் எண்ணத்தை மாற்றியது வர்தா புயல். 2016 டிசம்பர் 12 அன்று மதியம் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது மரங்கள் சாய்ந்தன. மே மாதம் சிவப்பாகப் பூக்கும் குல்மோகரும், மஞ்சளாகக் கொட்டும் பெருங்கொன்றையும்தான் அதிகம் விழுந்தன. வேம்பும் புங்கமும் கிளை முறிந்தாலும் நின்றன. எங்கள் காம்பவுண்டில் கிணற்றடிப் பூவரசும் ஈசானிய மூலை மாமரமும் பிழைத்துக்கொண்டன. மறுநாள் தெருவில் இறங்கினால் ஒரே வெளிச்சம். குரோம்பேட்டை மாதிரி இருந்தது. இவ்வளவு கொடுத்து வாங்கியது இதைத்தானா என்று அன்று தோன்றியது. கார்ப்பரேஷனும் குடியிருப்போரும் மறுபடி நட்டதில் பாதியாவது வளர்ந்திருக்கிறது. ஆனால் 40 வருட நிழல் ஒன்பது வருடத்தில் வந்துவிடாது.

மற்றவை சுருக்கமாக. ரயில் கிடையாது; இந்திரா நகர் அல்லது திருவான்மியூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும். 29சி பஸ்ஸை நம்பலாம். மெட்ரோ ரயில் வேலையால் எல்.பி. ரோடு பக்கம் போவதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. சனி, ஞாயிறு மாலைகளில் ஊர் முழுக்கக் கடற்கரைக்கு வரும், யாரோ ஒருவர் உங்கள் கேட்டை மறித்துக் காரை நிறுத்தியிருப்பார். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. காவி உடையில் எங்கெங்கிருந்தோ நடந்தே வருவார்கள். முதல் வருடம் சத்தத்துக்கு எரிச்சல்பட்டேன். இப்போது மனைவி வாசலில் குடத்தில் நீர்மோர் வைக்கிறாள், ஊற்றிக் கொடுப்பது நான்.

பணமாகப் பார்த்தால்? விலை ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கீழ்வீட்டுக்கு வருகிற ஒரு வருட வாடகை, அந்த வீட்டின் விலையில் 3 சதவீதம்கூட இல்லை. நிழலும் கடலும் மட்டும்தான் வேண்டும் என்றால் வாடகைக்கு வாருங்கள். துருவை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக, இப்போது நடந்துகொண்டிருப்பது. 2019 கட்டட விதிகளில் மனையைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்று ஆனபிறகு, பழைய கட்டடங்களை பில்டர்கள் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள். முன்பு ஒருவர் மறுத்தாலும் இழுத்துக்கொண்டே போகும். 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். எங்கள் கணக்கில் எட்டு பேர். வக்கீல் சொன்ன 600 சதுர அடிக்கு இப்போதுதான் அர்த்தம் வந்தது: ஆளுக்கு இன்னும் பெரிய வீடு, லிஃப்ட், கார் நிறுத்த இடம்.

எங்களிடம் வந்த பில்டர் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது அதில் நிறையப் பச்சை வட்டங்கள் இருந்தன. எல்லாம் தொட்டிச் செடிகள். மாமரம் எங்கே என்று கேட்டேன். பில்டரின் ஆள் விரலை வைத்த இடத்தில் கார் இறங்கும் சரிவுப் பாதை இருந்தது. பூவரசு இருக்கும் இடத்தில் ஜெனரேட்டர். தெருவில் இதுவரை இடித்துக் கட்டிய ஐந்து கட்டடங்களிலும் இதே கதைதான். காம்பவுண்டு மரம் ஒவ்வொன்றாகப் போகிறது, விளம்பரப் பலகையில் மட்டும் "பசுமை சூழ்ந்த" என்று எழுதியிருக்கிறது.

அன்றைக்குக் கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். எதிர்வீட்டுப் பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். 82 வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. "நீ சொல்றது சரிதாம்ப்பா. ஆனா நான் அந்த மாமரத்தடிக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா என்னை நாற்காலியில தூக்கிண்டு எறங்கறா" என்றார்.

ஒன்பதாவது கையெழுத்து நான் போட்டேன். மாமரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "பார்க்கலாம் சார்" என்றார்கள். கட்டி முடிக்க இரண்டரை வருடமாம். அதுவரை இருக்க இதே தெருவில் வாடகைக்கு வீடு தேடுகிறோம். மொட்டை மாடிக்குக் கீழே மட்டும் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறேன்.