ஹவில்தாரின் ரெஸ்யூம்: போஸ்டிங் வரிசையா, வேலை வகையா?

பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வரும் ஹவில்தாருக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். அடுத்த வேலை தேடியாக வேண்டும். ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தால் முன்னால் இரண்டு வழி.

முதலாவது, போஸ்டிங் வரிசை. சர்வீஸ் விவரம் அடங்கிய டிஸ்சார்ஜ் புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூனிட், ரேங்க், வருடம் என்று இறக்கிவிடலாம். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு இதுவே போதும். ஆளெடுப்பவரே பெரும்பாலும் பழைய பட்டாளத்துக்காரராக இருப்பார். அரசு வேலைக்கு ரெஸ்யூமே பெரிய விஷயமில்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு. வயதில் சர்வீஸ் காலத்தைக் கழித்த பிறகும் 3 வருடம் சலுகை. அங்கே பேசுவது சான்றிதழ்தான்.

சிக்கல் தனியாரில். ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் ஹெச்.ஆருக்கு 'சி.க்யூ.எம்.ஹெச்., 2015–2018' என்ற வரி ஒன்றும் சொல்லாது. அது கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார், அதாவது பட்டாளத்தின் ஒரு கம்பெனிக்கு ரேஷன், தளவாடப் பொறுப்பாளர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது வழி, வேலை வகைப்படி: ஸ்டோர், வண்டி, ஆள் நிர்வாகம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் தேதிகள் காணாமல் போய்விடும். எதையோ மறைக்கிறார் என்று ஹெச்.ஆர். நினைப்பார். போதாததற்கு 'ஒழுக்கம், தலைமைப்பண்பு, கடின உழைப்பு' என்று நிரப்பும் ஆசையும் வந்துவிடும். பட்டாளத்தில் யாருக்குத்தான் அது இல்லை?

தனியாருக்கு நான் சொல்வது இரண்டும் கலந்தது. மேலே நாலு வரியில் திறமை, கீழே தேதியோடு போஸ்டிங். ஒவ்வொரு போஸ்டிங்கிலும் செய்த வேலையை விரித்து எழுத வேண்டும். அதே சி.க்யூ.எம்.ஹெச். வரி இப்படி மாறும்: 'சுமார் 120 பேருக்கான ரேஷன், உடை, தளவாடங்களின் இருப்பு, வழங்கல், லெட்ஜர் பராமரிப்பு, இருப்புச் சரிபார்ப்பில் கணக்கு ஒப்படைப்பு.' கிடங்கு மேனேஜர் இதைப் படித்தால் ஆளைக் கூப்பிடுவார். எண்ணிக்கையை மட்டும் ஊதிப் பெரிதாக்க வேண்டாம்; இன்டர்வியூவில் துருவுவார்கள்.

எந்த வழியில் எழுதினாலும் யூனிட் இருந்த எல்லைப் பகுதி, ஆயுத விவரம் எல்லாம் வேலைவாய்ப்புத் தளத்தில் ஏறக் கூடாது. டிரைவர் டிரேடில் இருந்தவர் சிவில் ஹெவி லைசென்ஸையும், டி.ஜி.ஆர். (படைவீரர் மறுவேலைவாய்ப்புக்கான ராணுவ அமைச்சகத் துறை) கோர்ஸ் முடித்தவர் அதையும் மேலேயே போடலாம்.

பென்ஷன் தொகையை எங்கும் எழுதாதீர்கள். 'அதுதான் மாசாமாசம் வருதே' என்று சம்பளத்தில் கை வைக்க அது ஒன்று போதும்.