திரை இருண்டால் எந்த வழி: மாற்றிப் பார்ப்பதா, மென்பொருளைத் திருத்துவதா, ரிச்சி தெருவா?

வீட்டு மேசைக் கணினியின் மின்விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால், சென்னையில் இருப்பவர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார். கேபிளையும் ரேமையும் கழற்றி மாட்டி, ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் பொருத்திப் பார்ப்பது ஒரு வழி. பாகங்களை விண்டோஸோடு இணைத்து இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளைத் திருத்துவதும், அது பலிக்காவிட்டால் விண்டோஸையே புதிதாக நிறுவுவதும் இரண்டாவது வழி. சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணா சாலையை ஒட்டிய, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவது மூன்றாவது. "எல்லாம் டிரைவர் கோளாறுதான்" என்பவரும் "ரேமை ரப்பரால் தேய்த்தால் போதும்" என்பவரும் ஒரே அடுக்ககத்தில் எதிரெதிர் வீடுகளில் இருப்பார்கள். இருவர் சொல்வதும் சில நேரங்களில் சரியே. எந்த நேரத்தில் யார் சொல்வது சரி என்பதைக் கோளாறு தலைகாட்டும் கட்டத்தை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கணினியை இயக்கியதும், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டைச் செய்த நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றும். அந்தக் கட்டத்தில் விண்டோஸின் டிரைவர் எதுவும் வேலைக்கு வந்திருக்காது. ஆகவே அந்தச் சின்னமே தெரியவில்லை என்றால் விண்டோஸைக் குறை சொல்ல இடமில்லை; சின்னம் தெளிவாகத் தெரிந்து, புள்ளிகள் வட்டமாகச் சுழன்ற பிறகு இருட்டானால்தான் டிரைவர் மீது சந்தேகம் விழவேண்டும். சில மானிட்டர்கள் விழித்துக்கொள்வதற்குள் சின்னம் வந்து மறைந்துவிடுவதுண்டு. அதனால், இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, மதர்போர்டின் சொந்த அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் நுழைந்து, பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பார்ப்பது நம்பகமான சோதனை. அங்கேயும் திரை மினுக்கினாலோ நிறம் திரிந்தாலோ, விண்டோஸைத் தொடவே வேண்டியதில்லை.

இந்தச் சோதனையைச் செய்யாமல், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விண்டோஸை மறுபடி நிறுவுவதில் கழித்திருக்கிறேன். நிறுவி முடித்த பிறகும் திரை மஞ்சளாகவே இருந்தது. வி.ஜி.ஏ. கேபிளின் முனையில் ஓர் ஊசி வளைந்திருந்ததுதான் காரணம். ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த அந்த இணைப்பில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் அனலாக் அலைகளாகச் செல்கின்றன. நீலம் அறுந்தால் வெள்ளை மஞ்சளாகும், பச்சை அறுந்தால் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும், சிவப்பு அறுந்தால் நீலப்பச்சையாகும். கேபிளின் திருகாணியைச் சரியாக முறுக்காமல் விட்டாலும் இதே விளைவுதான். எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட் போன்ற டிஜிட்டல் இணைப்புகள் இப்படி ஒரு நிறத்தை மட்டும் மெல்லச் சாகவிடுவதில்லை. கேபிள் பழுதானால் ஆங்காங்கே மின்மினிபோலப் புள்ளிகள் தெறிக்கும், ஓரிரு நொடி படம் அணைந்து திரும்பும், அல்லது முழுதாகவே நின்றுபோகும். 4கே மானிட்டரில் இது அதிகம். எச்.டி.எம்.ஐ. 1.4 தரத்தில் 4கே படம் நொடிக்கு 30 முறை வரைதான் புதுப்பிக்கப்படும். 60 முறை என்பது 2013-இல் வந்த 2.0 தரத்தில்தான் சாத்தியமாயிற்று. பழைய கேபிளில் 60 ஹெர்ட்ஸ் வைத்து மினுக்குகிறதென்றால், அமைப்பில் 30-க்குக் குறைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் புதுக் கேபிள் ஒன்றே போதும்.

மாற்றிப் பார்க்கும் வழிக்குக் காசு செலவில்லை என்பதோடு, விடை ஆம் அல்லது இல்லை என்று பளிச்செனக் கிடைக்கிறது. முதலில் மானிட்டரைத் தனியாக விசாரிக்கவேண்டும். கேபிளைப் பிடுங்கிவிட்டால் 'நோ சிக்னல்' என்ற அதன் சொந்த அறிவிப்பு வரும்; அது கோடின்றி, நடுக்கமின்றி வந்தால் மானிட்டர் பெரும்பாலும் நிரபராதி. அறிவிப்பு வரவேண்டிய நேரத்தில் திரை கறுப்பாகவே இருந்தால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால், படம் உருவாகிறது, பின்விளக்குதான் எரியவில்லை என்று பொருள். படத்தில் கோடுகள் இருந்தால் பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்க்கலாம்: அந்தப் படத்திலும் கோடு இருந்தால் குற்றம் கணினிப் பக்கம், இல்லையென்றால் சந்தேகம் கேபிள், மானிட்டர் பக்கம் திரும்புகிறது. அடுத்த சோதனைக்கு வீட்டுத் தொலைக்காட்சியும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிய எச்.டி.எம்.ஐ. கேபிளும் போதும். தொடர் பார்க்கிற நேரத்தில் கழற்றாமல் இருப்பது வீட்டு அமைதிக்கு நல்லது.

எளிமையாக இருப்பதாலேயே பலரும் தவறவிடும் ஒன்று, கேபிளைத் தவறான துளையில் செருகுவது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சிபியுவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மறுபடி மாட்டும்போது இது நடக்கிறது. படத்தை உருவாக்கவே தனியாகப் பொருத்தப்படும் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிள் அந்தக் கார்டில் இருக்கவேண்டும், மதர்போர்டில் அன்று. 'எஃப்' என்ற எழுத்தில் பெயர் முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், அத்தகைய கணினியில் மதர்போர்டுத் துளையிலிருந்து எந்தக் காலத்திலும் படம் வராது.

ரப்பர் வைத்தியத்தையும் ஏளனம் செய்வதற்கில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கத்து வீடுகளில் கடற்காற்றின் ஈரமும் உப்பும் ரேமின் தொடுமுனைகளில் படிவது உண்டு. மின்செருகியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடித்தபின் ரேமைக் கழற்றவேண்டும்; மென்மையாகத் தேய்க்கவேண்டும், தூளை ஊதாமல் தூரிகையால் தட்டவேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் மானிட்டரின் முதுகையும் மட்டும் திறக்கக்கூடாது. அவற்றிலுள்ள மின்தேக்கிகள் செருகியைப் பிடுங்கிய பிறகும் அடிக்கக்கூடிய அளவுக்கு மின்னூட்டத்தை வைத்திருக்கும். தீய்ந்த வாடை வந்தால் வீட்டுச் சோதனை அத்துடன் முடிந்தது.

மென்பொருள் வழி இதை ஒப்பிடக் குறுகலானது. ஆனால் அதற்குரிய இடத்தில் அதைவிட விரைவானது வேறில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளையும் பிடித்துக்கொண்டு ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைத் தட்டினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலைகள் அப்படியே இருக்கும். சேஃப் மோடில் விண்டோஸ் தன் அடிப்படை டிரைவரைக் கொண்டே படம் காட்டுகிறது. அங்கே எல்லாம் சீராக இருந்து வழக்கமான முறையில் இருண்டால், புதிதாக வந்த டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்புவதே முதல் வேலை. ஒரு விதிவிலக்கு உண்டு. நோயுற்ற கிராபிக்ஸ் கார்டு, எளிய வேலையில் தாக்குப்பிடித்து, முழு டிரைவர் ஏறிய கணத்தில் விழுவதுண்டு. இரண்டு வேறு பதிப்புகளிலும் அதே இடத்தில் இருண்டால் டிரைவரை விட்டுவிட்டுக் கார்டைச் சந்தேகிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். விண்டோஸை முழுதாக மறுபடி நிறுவுவதை நான் கடைசியிலும் கடைசியாகத்தான் வைப்பேன்.

ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், அதுவும் மாற்றிப் பார்க்கும் வழியே என்பது விளங்கும். வேறுபாடு, கைவசம் இருக்கும் பொருள்களின் அளவில்தான். நன்றாக ஓடும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்., உதிரி கிராபிக்ஸ் கார்டு, அதே வகை ரேம் ஆகியவை எந்த வீட்டில் சும்மா கிடக்கும்? கேம் விளையாடும்போது மட்டும் திரை அணைந்து, மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற கோளாறுக்கு இதுவே சரியான இடம். கார்டு பொருந்தும் துளை 75 வாட் வரைதான் தரும், எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து கார்டுக்கு வரும் எட்டு ஊசி இணைப்பு 150 வாட் வரை தரும். அந்தச் சுமையை எஸ்.எம்.பி.எஸ். தாங்குகிறதா என்பதை வேறொன்றை மாட்டிப் பார்த்தே சொல்லமுடியும். வீட்டுக்கு வரும் டெக்னீஷியனின் பையில் அவ்வளவு பொருள் இருக்காது; ஆனால் தளர்ந்த பிளக் பாயின்ட்டையும் எர்த் இல்லாத இணைப்பையும் அவர்தான் நேரில் பார்க்கமுடியும். "கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை" என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். மறுபாதி, கேபிளை வீட்டிலேயே விட்டுச் சென்றது.

மானிட்டர் கோளாறு என்று உறுதியானால் கணக்கு வேறு. பின்விளக்கோ அடாப்டரோ போயிருந்தால் பழுது பார்ப்பது கட்டுபடியாகும். பேனல் உடைந்திருந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ, மானிட்டரின் விலையில் பெரும்பங்கு பேனலுக்கே என்பதால், புதிதாக வாங்குவதே மலிவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. வார நாளில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம், சிபியு கையில் இருந்தால் ஆட்டோவே மேல். கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகப் பொதிந்துகொள்ளுங்கள், இல்லையேல் வேகத்தடைகள் துளையைப் பதம் பார்த்துவிடும். வீட்டில் நன்றாக இருப்பதாகத் தெரிந்த மானிட்டரைச் சுமக்கவேண்டாம், கேபிளை எடுத்துச் செல்லுங்கள். பயாஸில் எத்தனை நிமிடம் நின்றது, தொலைக்காட்சியில் என்ன தெரிந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கார்டின் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, மாற்றப்படும் பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.