8 டிகிரி வானத்துக்கு எந்தத் தொலைநோக்கி?

தொலைநோக்கி வாங்க ஆசைப்படும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆலோசனைகளைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்கள். அந்த ஆலோசனைகள் துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உயரத்தில் நிற்கும் ஊர்களுக்கு எழுதப்பட்டவை. நாகர்கோவிலில் அது தொடுவானத்திலிருந்து 8 டிகிரிதான். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அந்த உயரம்கூட இல்லை. எந்தக் கருவி நமக்கு ஒத்துவரும் என்பதை இந்த எண்தான் முதலில் தீர்மானிக்கிறது.

நான் ஒப்பிடுவது மூன்றை: 6 அங்குல டாப்சோனியன் (கண்ணாடியால் ஒளியைச் சேர்க்கும் எளிய தொலைநோக்கி), மோட்டார் பூட்டிய ஈக்குவடோரியல் மவுண்ட் என்ற தாங்கியின் மேல் 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, ஸீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கி.

படம் எடுக்க நினைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது ஈக்குவடோரியலை. பூமியின் அச்சுக்கு இணையாக அதன் அச்சைத் திருப்பிவிட்டால், நட்சத்திரத்தோடு சேர்ந்தே கருவியும் சுழலும். நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்க்கலாம். மங்கலான நெபுலாக்களுக்கு, அதாவது விண்வெளியின் வாயு, தூசு மேகங்களுக்கு, இதற்கு நிகர் இல்லை. ஆனால் அந்த அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்க வேண்டும் என்பதால், இங்கே கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டும். பல மவுண்ட்களின் அட்சரேகைத் திருகு அவ்வளவு கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர்எடை ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘8 டிகிரிக்கு இறங்குமா?’ என்பதுதான். விலை அதற்குப் பிறகு.

இறங்கினாலும் துருவ நட்சத்திரம் கண்ணில் பட வேண்டுமே. அந்த உயரத்தில் அதன் ஒளி, தலைக்கு மேலே உள்ளதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. கடல் ஈரம் அதை இன்னும் மங்கலாக்கும். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் போதும், கதை முடிந்தது; மலையை ஒட்டிய கீரிப்பாறைப் பக்கம் மலையே மறைக்கும். கேமராவில் சில படங்கள் எடுத்து, அவற்றிலுள்ள நட்சத்திரங்களைக் கொண்டே அச்சின் பிழையைக் கணக்கிட்டுத் திருத்தும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. துருவ நட்சத்திரமே தெரியாவிட்டாலும் அவை வேலை செய்யும். மடிக்கணினியோடு மல்லுக்கட்டத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே ஈக்குவடோரியலைச் சொல்வேன்.

டாப்சோனியனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மரப்பெட்டியைத் தரையில் வைத்து, குழாயைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். அதன் 6 அங்குல, அதாவது 150 மி.மீ. கண்ணாடி, 80 மி.மீ. லென்ஸைவிட மூன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். அந்த வித்தியாசம் ஒமேகா சென்டாரியில் நன்றாகத் தெரியும். நட்சத்திரங்கள் பந்துபோலத் திரண்ட இந்தக் கோளக் கொத்து லண்டன்காரர்களுக்கு உதிப்பதே இல்லை. நமக்கு மே மாத இரவு பத்து மணி வாக்கில் தெற்கே 34 டிகிரி உயரத்தில் நிற்கும். 80 மி.மீ.யில் அது ஓரங்களில் மட்டும் லேசாகப் பொடியும் ஓர் ஒளித்திட்டு. 6 அங்குலத்தில் நூறு மடங்கு பெருக்கத்தில் பாருங்கள், உள்ளே வரைக்கும் தனித்தனி நட்சத்திரங்களாக உதிரும். அதை ஒரு தடவை பார்த்த பிள்ளைகள் தொலைநோக்கியை விட்டு நகர மாட்டார்கள். கோள்களும் இங்கே உச்சியை ஒட்டியே போவதால் காற்றின் நடுக்கம் குறைவு. ஆனால் சரியாகத் தலைக்கு மேலே டாப்சோனியனைத் திருப்புவது சிரமம். கோள் உச்சியை எட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்ப்பது நல்லது. படம் என்றால் நிலாவும் கோள்களும் மட்டும், ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸில்) செல்போனை வைத்து.

ஸ்மார்ட் தொலைநோக்கி இரண்டரைக் கிலோதான், பைக்கில் கொண்டுபோகலாம். லென்ஸ் 50 மி.மீ.; தானே இலக்கைத் தேடி, பத்து பத்து விநாடிப் படங்களை அடுக்கிச் செல்போனில் காட்டும். இது சாதாரணமாக மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் நகர்வதால் நேரம் போகப் போகப் படம் சுழலும். நேர்கிழக்கிலும் நேர்மேற்கிலும் அந்தச் சுழற்சி மிகக் குறைவு, தெற்கிலும் வடக்கிலும் அதிகம். நம் அட்சரேகையில் நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேர்ச்செங்குத்தாக எழுவதால், நேர்கிழக்கே உதிப்பவை வெகுநேரம் கிழக்கிலேயே இருக்கும். இலக்கு கிழக்கே ஏறும்போதே பிடித்தால் படத்தின் ஓரங்கள் வீணாகாது. ஊர் வெளிச்சத்துக்கு நடுவே மொட்டைமாடியில் நின்று படம் எடுக்க இதுதான் எளிது. என்றாலும் ஐபீஸில் கண்ணை வைத்துப் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. குடும்பத்துக்கு ஒரே ஒரு கருவி என்றால் நான் டாப்சோனியன் பக்கம்தான்.

கையில் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் கேமராவும் ஸ்டாண்டும் இருப்பவர்கள் இவை எதையும் வாங்காமலே தொடங்கலாம். ஜனவரிக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குச் சொத்தவிளை, மணக்குடி போன்ற கரைகளில் வெளிச்சம் குறைந்த இடமாகப் பார்த்துத் தெற்கே கடலை நோக்கி நில்லுங்கள். அகத்திய நட்சத்திரத்துக்கு (கனோபஸ்) கீழே, சுமார் 12 டிகிரி உயரத்தில் பெரிய மெகல்லன் மேகம் என்ற கேலக்ஸி இருக்கும். வானத்தின் தென்துருவத்துக்கு அருகே நட்சத்திரங்கள் மெதுவாக நகர்வதால், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைப் படமெடுக்கும்போது கோடு விழாமல் எவ்வளவு நேரம் கிடைக்குமோ அதைப்போல மூன்று மடங்கு நேரம் இங்கே கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் ஓரியனுக்கு 8 விநாடி என்றால் இதற்கு 24. மோட்டார் இல்லாமலே பக்கத்து கேலக்ஸி ஒன்று படத்தில் விழுகிறது.

எதை வாங்கினாலும் உப்புக்காற்றுக்குப் பயப்பட வேண்டும். டாப்சோனியனின் குழாய் திறந்தது. கண்ணாடியின் அலுமினியப் பூச்சை உப்பு அரிக்கும். கடற்கரைக்கு அதை அடிக்கடி கொண்டுபோகாமல் தோவாளை போல உள்ளே தள்ளிய இடமாகப் பார்ப்பது நல்லது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அங்கே உண்டு, ஒரு மதில் மறைவு கட்டாயம் வேண்டும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் லென்ஸையும் ஐபீஸையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூஞ்சை ஒரு தடவை லென்ஸில் பிடித்துவிட்டால், துடைத்த பிறகும் அதன் தடம் கண்ணாடியில் நின்றுவிடலாம்.