ஆவாரங்கன்று வாங்கிய நர்சரி: செடி அசல், அறிவுரைதான் வியாபாரம்

மதுரைப் பக்கம் ரோட்டோர நர்சரி ஒன்றில் ஆவாரங்கன்று வாங்கினேன். செடி அசல்தான். இலைக்காம்பின் அடியில் காது மாதிரி அகலமாக இரண்டு செதில் இருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் மஞ்சளாய்ப் பூக்கிற வேறு கொன்றையை யாரும் நம் தலையில் கட்ட முடியாது. ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் கூடவே உரப் பையை நீட்டியதும் தேவையில்லாத வேலை. தரிசு நிலத்தில் தானாக வளர்கிற செடிக்கு உரம் எதற்கு? வேர் பிடிக்கும்வரை ஊற்றினால் போதும், அப்புறம் நல்ல வெயில் பட வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். வண்ணத்துப்பூச்சிப் புழு இலையைக் கடித்தால் மருந்தடிக்காதீர்கள், மறுபடி துளிர்க்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூ வீட்டிலேயே கிடைக்கும். விலை கொஞ்சம் அதிகம். விதை கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்து நேரடியாக மண்ணில் போடுங்கள், செலவே இல்லை.