கீழ்நெம்பு, வெளிக்குதிரை, டமாஸ்கஸ் குழல்: பழைய பர்மிங்காம் இரட்டைக்குழலைச் சுட்டுப் பழகிய அனுபவம்

பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் எல்லோருடைய கண்ணும் பக்கத் தகட்டின் பூவேலைக்குத்தான் போகும். பூவேலை அழகுதான். ஆனால் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குழல்களின் அடிப்பக்கம். இந்தத் துப்பாக்கியைப் பல பருவங்கள் சுட்டபின் அழுத்தமாகச் சொல்ல எனக்கு இருப்பது இது ஒன்றுதான். துப்பாக்கியின் வரலாறு முழுக்க அங்கேதான் பொறித்திருக்கிறது.

என்னிடம் இருப்பது பர்மிங்காமில் செய்த 12 போர் (குழல் துளையின் அளவு அது). செய்தவர் பெயர் தேய்ந்துபோய்விட்டது. ஆனால் இடது குழலின் அடியில் 'நாட் ஃபார் பால்' என்ற எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. சோக் வைத்த, அதாவது வாய்ப்பக்கம் குறுகிய குழலில் தனிக்குண்டு போட்டுச் சுடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. 1875 முதல் 1887 வரைதான் அந்தக் குறியைப் போட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் வயது தெரிந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே, புதுப்பித்தபின் துப்பாக்கிகளைச் சோதித்துச் சான்று தரும் பர்மிங்காம் புரூஃப் ஹவுஸில் குத்திய, புகையில்லா வெடிமருந்துக்கான சான்றுக்குறியும் இருக்கிறது. முதல் குறி துப்பாக்கியின் பிறப்பைச் சொல்கிறது. இரண்டாவது குறி இல்லையென்றால் நான் இதைச் சுட்டிருக்கவே மாட்டேன்.

டமாஸ்கஸ் குழல் என்றாலே வெடித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இங்கிலாந்திலும் உண்டு. இரும்பையும் எஃகையும் முறுக்கி, பட்டையாக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றிப் பற்றவைத்துச் செய்த குழல் அது. கரும்புகை வெடிமருந்துக் காலத்தில் செய்தது என்பதால் மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை. சுவரின் கனம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் பெரும்பாலான துப்பாக்கிக் கம்மியர்கள் முடியாது என்று தலையசைத்துவிடுவார்கள். உள்ளே துரு அரித்த குழிகளை முழுக்கத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கித் தருவதாகச் சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். பளபளப்புக்காகத் தேய்க்கும் ஒவ்வொரு நூலும் சுவரிலிருந்துதான் போகிறது. என் கம்மியர் வலது குழலில் ஆழமில்லாத இரண்டு குழிகளை அப்படியே விட்டுவிட்டார். அவை இன்றும் இருக்கின்றன, வளரவில்லை. அந்த வேலையை மதிக்கிறேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீலில் தேய்மானம் இருந்ததால் குழலுக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, அதைச் சரிசெய்தார்கள். இரு குழல்களுக்கும் இடையிலுள்ள பட்டை ஓரிடத்தில் விட்டிருந்தது, திரும்பப் பற்றவைத்தார்கள். பிறகு குழலுக்கு நிறமேற்றினார்கள். துருப்பிடிக்க வைத்து, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து, பல நாள் பொறுமையாகச் செய்யும் வேலை அது. முடிந்து வந்தபோது பழுப்பில் அந்தச் சுருள்கோடுகள் எழுந்து நின்றதைப் பார்த்து அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

தோட்டா விஷயத்தில் துளியும் அலட்சியம் கூடாது. இதன் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இன்று கடையில் குவிந்திருப்பவை பெரும்பாலும் 70 மி.மீ. அவையும் இதற்குள் சிரமமில்லாமல் போய் உட்காரும், ஆபத்தே அங்குதான். தோட்டாவில் எழுதியிருப்பது சுட்டபின் மடிப்பு விரிந்த நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டையாக இருக்கும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் முன்னாலுள்ள குறுகலுக்குள் நீண்டு வழியை நெருக்கும், அழுத்தம் ஏறும். பெட்டியில் 65 மி.மீ. சேம்பருக்கு ஏற்றது என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே வாங்குகிறேன். 24 அல்லது 28 கிராம் ஈய ரவை, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே நார் அடைப்பு. தோளுக்கும் சுகம், நூறாண்டு தாண்டிய மரத்துக்கும் சுகம். எஃகு ரவையை இதில் நான் போடுவதே இல்லை. இங்கிலாந்தில் 1999 முதல் வாத்துக்கு ஈயம் சுடத் தடை என்பதால் அதற்குப் பிஸ்மத் என்ற உலோக ரவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, பிஸ்மத் 9.8, இரும்பு 7.9. எடையில் ஈயத்துக்கு அருகில் வருவது எது என்று இதிலேயே தெரியும். எஃகைவிட மென்மையானது என்பதால் பழைய குழலுக்கும் இணக்கம். விலைதான் பல மடங்கு.

சுடும் அனுபவம் வேறு தினுசு. திறக்கும் நெம்பு விசைக்கூட்டுக்குக் கீழே இருக்கிறது. ஹென்றி ஜோன்ஸ் 1859இல் காப்புரிமை பெற்ற இரட்டைப் பிடி அமைப்பு. பிடித்தால் பாறைபோலப் பிடிக்கும். ஆனால் தானாக மூடாது, ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டும். தோட்டாவைத் தள்ளிவிடும் எஜெக்டரும் இல்லை, விரலால்தான் உருவ வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்களான குதிரைகள், சுட்டதும் தாமாகப் பாதிக்குத் திரும்புகின்றன. அந்த வகைப் பூட்டுக்கு, அதாவது சுடும் பொறிக்கு, ஸ்டான்டன் காப்புரிமை பெற்றது 1867இல். பாதுகாப்புத் தாழ் கிடையாது. எனவே ஏற்றிய குதிரையை இறக்க வேண்டுமானால் முதலில் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, அப்புறம்தான் கட்டைவிரலை வைக்கிறேன். கூட வருகிறவர்களுக்கும் முதலில் இதைத்தான் காட்டுகிறேன்.

எடை மூன்று கிலோதான், குழல் 76 செ.மீ. தோளுக்கு ஏறும் வேகமும் கையில் நிற்கும் சமநிலையும் என்னிடமுள்ள புதிய மேல்கீழ்க் குழல் துப்பாக்கியில் இல்லை. அடிக்கட்டையின் நீளத்தை என் கைக்குச் சரிசெய்த பிறகுதான் இது முழுமையாக விளங்கியது. அளவு பொருந்தாத துப்பாக்கியைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. ஒரே குறை, முன்கட்டை மெல்லியது, தொடர்ந்து சுட்டால் குழல் இடது கையைச் சுடும். தோலுறை ஒன்று மாட்டிக்கொள்கிறேன்.

பராமரிப்பு அதிகமில்லை. சுட்ட அன்றே துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துகிறேன். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் பூட்டு வழியாக இறங்கி வால்நட் மரத்தின் கழுத்தை ஊறவைத்துவிடும். மரத்துக்கு எப்போதாவது ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் போதும். ஈரமான பயண உறைக்குள் விட்டுவைக்கவே கூடாது.

பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு என்று கேட்கிறார்கள். பிரிட்டனின் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் பழம்பொருள் விலக்கு, சுடாமல் அலங்காரமாக வைத்திருப்பதற்குத்தான். இன்றும் தோட்டா கிடைக்கும் இந்த 12 போருக்கு அதுவும் பொருந்தாது. காவல்துறை தரும் ஷாட்கன் சான்றிதழ் வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நாள் முழுக்க நூறு கிளே தட்டு (பறக்கவிடும் களிமண் தட்டு) சுடும் போட்டிக்கு நான் புதியதைத்தான் எடுத்துப்போகிறேன். ஞாயிறு காலையில் இரண்டு பெட்டித் தோட்டாவோடு நிதானமாகச் சுடவும், குளிர்காலத்தில் ஃபெசன்ட் பறவைக்கும் இதைத்தான் எடுக்கிறேன்.