தகப்பன் காளையின் சான்றிதழைக் காட்டி விற்கப்பட்ட பொலிகாளை: ஆங்கஸ் வளர்ப்போருக்கு எச்சரிக்கை

ஆங்கஸ் என்ற இறைச்சி மாட்டினத்தின் பொலிகாளையை வாங்கவிருப்போர், விற்பவர் நீட்டும் மரபணுச் சான்றிதழில் உள்ள பதிவெண் அந்தக் காளையுடையதுதானா என்று சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஆல்பா மேனோசிடோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான மரபணுக் குறைபாடு அற்றது என்ற உறுதியோடு எங்களுக்கு விற்கப்பட்ட காளையுடன் வந்த தாள், உண்மையில் அதன் தகப்பனுக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு. இரண்டு காளைகளுக்கும் பெயரின் முற்பகுதி ஒன்றே. பதிவெண்ணின் கடைசி இலக்கங்களோ நகலில் வசதியாக மங்கியிருந்தன.

கன்றுகள் பிறந்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு கன்று மெலியத் தொடங்கியது, பின்னங்கால்கள் தள்ளாடின, தீவனத் தொட்டியின் முன் நிற்கையில் அதன் தலை, எதையோ ஆமோதிப்பதுபோல, மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருந்தது. ஓட்டிச் சென்றால் நடுக்கம் கூடியது, ஆளை முட்டவும் வந்தது. குடற்புழு மருந்தால் பயனில்லாமல் போகவே, கால்நடை மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி நோயை உறுதி செய்தார். செல்களுக்குள் கழிவைச் சிதைக்கும் நுண்பைகளான லைசோசோம்களில், மேனோஸ் என்ற சர்க்கரை கொண்ட சர்க்கரைச் சங்கிலிகளைச் சிதைக்க வேண்டிய ஆல்பா மேனோசிடேஸ் நொதி செயல்படாததால், அவை சிதையாமல் நரம்பு செல்களில் தேங்குகின்றன. இதற்குச் சிகிச்சை கிடையாது. நோயுற்ற கன்றுகளில் பெரும்பாலானவை ஓராண்டு நிறையும் முன்பே இறந்துவிடுகின்றன.

விற்றவரிடம் கேட்டதற்கு, தாய், தகப்பன் இரண்டிலும் பழுதான மரபணு இருந்தால்தான் நோய் வரும், ஆகவே குற்றம் எங்கள் பசுக்களுடையது என்றார். பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கும் பேச்சு இது. இரண்டும் கடத்திகளாக, அதாவது தமக்கு நோயில்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவையாக, இருந்தால் ஒவ்வொரு ஈற்றிலும் கன்று நோயுறும் வாய்ப்பு 25 சதவீதம் என்பது சரிதான்; ஆனால் காளை மட்டும் குறையற்றதாக இருந்திருந்தால், எங்கள் பசுக்கள் அத்தனையும் கடத்திகளாகவே இருந்தாலும் ஒரு கன்றுகூட நோயுற்றிருக்காது. கடத்தியான காளை பார்வைக்கு முழு ஆரோக்கியத்துடன் இருக்கும் என்பதால், வெளித்தோற்றத்தையோ தடுப்பூசிச் சான்றையோ காட்டி எவரும் உறுதி தர முடியாது. நியூசிலாந்தில் 1970களிலேயே இரத்தத்தில் நொதியின் அளவைக் கொண்டு கடத்திகளைக் கண்டறிந்து விலக்கினார்கள். இன்று வால் மயிரின் வேரிலிருந்தே மரபணுப் பரிசோதனை செய்துவிடலாம். இத்தனை எளிதான ஒன்றைச் செய்யாமல் வேறொரு காளையின் தாளைக் கொடுத்ததை அசட்டை என்று என்னால் ஏற்க இயலவில்லை.

தகப்பன் குறையற்றது என்பது மெய்யானால், இக்காளைக்குப் பழுது தாயிடமிருந்தே வந்திருக்க வேண்டும். எனவே அதே தாயின் வேறு காளைகளையோ அவற்றின் உறைவிந்தையோ வாங்கியவர்கள், அடுத்த இனச்சேர்க்கைக்கு முன்பே அந்தக் காளைகளைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். அவை ஒவ்வொன்றும் கடத்தியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.