25 சுத்துல 16 சுத்தை முழுங்குன ஆப்புக்கு ஒரு ஸ்டார் (அதுவும் பாவம் பாத்து)

முதல்லயே சொல்லிடுறேன், ஆப்போட பேரை போட மாட்டேன், கமெண்ட்ல வந்து கேக்காதீங்க. பழைய அத்லெட்டிக்ஸ் ரேஸ் எல்லாம் முழுசா இருக்குன்னு விளம்பரம் பாத்து ஒரு வருஷத்துக்கு காசு கட்டினேன். எனக்கு 5000, 10,000 மீட்டர்னா உயிரு, வீட்ல எல்லாரும் கிரிக்கெட் பாக்கும்போது நான் மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிட்டு எவனோ 25 தடவை ஒரே கிரவுண்ட சுத்துறத பாத்துட்டு இருப்பேன், பைத்தியம்னுதான் நெனச்சிருக்காங்க, பரவால்ல.

முதல் நாளே டோக்கியோ ஒலிம்பிக் ஆம்பளைங்க 10,000 மீட்டர் போட்டேன். டைட்டில்ல 'முழு ரேஸ்'னு இருக்கு. ஜெயிச்ச டைமே 27 நிமிஷம் 43 செகண்ட், வீடியோ நீளம் 9 நிமிஷம் சொச்சம். அப்பவே உஷாராயிருக்கணும். ஆரம்பத்துல உகாண்டாவோட ஸ்டீபன் கிஸ்ஸா தனியா பிச்சுக்கிட்டு முன்னாடி ஓடுறாரு, பின்னாடி கூட்டத்துல ஒருத்தரும் அசையல, இடைவெளி கூடிட்டே போகுது, எனக்கு இங்க சீட்டு நுனி. டக்குன்னு ஒரு கட். அடுத்த ஷாட்ல கடைசி சில சுத்து ஓடிட்டு இருக்கு, கிஸ்ஸாவ காணோம். ஆளு எங்க போனாரு? கூட்டம் புடிச்சிருச்சு, அப்புறம் அவரு ரேஸ விட்டே வெளிய போயிட்டாருங்கறது எனக்கு முன்னாடியே தெரிஞ்சதால தப்பிச்சேன், புதுசா பாக்குறவங்களுக்கு மாயாஜால காட்சி மாதிரிதான் இருக்கும். கடைசில எத்தியோப்பியாவோட செலெமோன் பரேகா கடைசி சுத்துல பறந்து போய் தங்கம், உகாண்டாவோட செப்டெகேய் வெள்ளி, அத மட்டும் ஸ்லோ மோஷன்ல மூணு தடவை காட்டுறாங்க.

கஸ்டமர் கேர்ல எழுதி கேட்டேன். "முக்கியமான தருணங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளன"ன்னு பதில். இங்கதான் எனக்கு கோவம் தலைக்கேறுச்சு, ஏன்னா எது முக்கியமான தருணம்னு இவங்க முடிவு பண்றதுலயே ஒரு கட்சி எடுத்துடுறாங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. நீண்ட தூரம் ஓடுறவங்கள்ல ரெண்டு ரகம். ஒண்ணு முன்னாடி நின்னு பேஸை, அதாவது ரேஸோட வேகத்தை, இழுக்குற ஆளு, இன்னொண்ணு கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு உக்காந்துட்டு கடைசி 300, 400 மீட்டர்ல கிக் அடிக்கிற, அதாவது திடீர்னு வேகமெடுத்து பாயுற, ஆளு. ரெண்டாவது ஆளு புத்திசாலி மாதிரி தெரியும், அதுல உண்மையும் இருக்கு, ஹைவேல பைக்ல லாரிக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு போனா காத்து மூஞ்சில அடிக்காதுல்ல, அதே கணக்குதான், முன்னாடி ஓடுறவன் காத்த கிழிச்சு குடுக்கணும், பேஸும் அவனே பாத்துக்கணும், பின்னாடி யாரு எவ்ளோ தெம்பா வராங்கன்னும் தெரியாது. அப்புறம் ஏன்டா முன்னாடி போறன்னா, கடைசி சுத்துல 53 செகண்ட் ஓடுற கால் அவன்கிட்ட இல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக் 5000 மீட்டர்ல பிரிட்டனோட மோ ஃபாரா கடைசி சுத்தை அப்படித்தான் 53-க்குள்ள முடிச்சாரு, ஆனா மொத்த டைம் 13:41, அந்த ரேஸ்ல ஓடுனவங்க பல பேருக்கு அது ஜாக்கிங் மாதிரி. அவ்ளோ மெதுவா கூட்டிட்டு போய் கடைசில ஃபாராவோட ஸ்பிரிண்ட் போட்டா யாரு ஜெயிப்பா? அதனால வேகமான கால் இல்லாதவன் பண்ணக்கூடிய ஒரே வேலை, கிக் அடிக்கிறவன் காலை நடு சுத்துலயே காலி பண்றது. 10,000 மீட்டர்ல அந்த வேலை நடக்குறது 8-ல இருந்து 22-வது சுத்து வரைக்கும். இந்த ஆப் வெட்டி போட்டது சரியா அந்த பகுதிய.

அதாவது ஹைலைட்ஸ் மட்டும் பாத்து வளர்றவனுக்கு முன்னாடி ஓடுறவன் எப்பவுமே ஒரு முட்டாள், கடைசில நாலு பேருகிட்ட தோத்துப் போற ஆளு. அவ்ளோதான் தெரியும்.

இப்ப நல்ல சரக்குக்கு வரேன். ஒலிம்பிக் யூடியூப் சேனல், பைசா கிடையாது, பழைய ஃபைனல் பலது முழுசா போட்டிருக்காங்க. நான் எல்லாருக்கும் சொல்றது 2016 ரியோவோட ரெண்டு ரேஸையும் தேடி அடுத்தடுத்து பாருங்க, எத்தியோப்பியாவோட அல்மாஸ் அயானா. 10,000 மீட்டர்ல முதல் பாதி கென்யாவோட ஆலிஸ் அப்ரோட் இழுத்துட்டு போறாங்க, அதுவே செம வேகம், பாதி தாண்டினதும் அயானா முன்னாடி வராங்க, அவ்ளோதான், கதை முடிஞ்சுது. ரெண்டாவது பாதிய முதல் பாதிய விட வேகமா ஓடுறாங்க. கிக்னு ஒண்ணு இல்ல, மூஞ்சில ஒரு சுளிப்பு இல்ல, ஒவ்வொரு சுத்தும் 70 செகண்ட் பக்கம், கேமரா பின்னாடி போய் அடுத்த ஆள தேட வேண்டியிருக்கு. 29:17.45. 1993-ல சீனாவோட வாங் ஜுன்சியா போட்ட உலக ரெக்கார்டு 29:31.78-ஐ 14 செகண்டுக்கு மேல தின்னுட்டாங்க. திருனேஷ் டிபாபா மாதிரி கிக் ராணி அந்த ரேஸ்ல இருந்தாங்கய்யா, அவங்களுக்கு மூணாவது இடம், கிக் அடிக்க பக்கத்துல ஆளு இருந்தாத்தானே!

ஒரு வாரம் கழிச்சு 5000 மீட்டர். அதே அயானா, அதே மாதிரி முன்னாடி பிச்சுக்கிட்டு போறாங்க, பெரிய இடைவெளி. நானும் முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். ஆனா பின்னாடி கென்யாவோட விவியன் செருயோட்டும் ஹெலன் ஒபிரியும் பதறவே இல்ல, கொஞ்சம் கொஞ்சமா நூல் புடிச்சு இழுக்குற மாதிரி வராங்க, கடைசி ரெண்டு சுத்து வாக்குல புடிச்சுடுறாங்க, செருயோட் 14:26.17 ஒலிம்பிக் ரெக்கார்டோட தங்கம், அயானா வெண்கலம். இதுல பாக்க வேண்டியது தாண்டுற நிமிஷத்தை இல்ல, அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு சுத்துல அயானாவோட தோளு எப்படி இறுகுதுன்னு. அது முழு வீடியோல மட்டும்தான் தெரியும். அதே ஆளு, அதே உத்தி, ஒரு தடவை உலக ரெக்கார்டு, ஒரு தடவை மூணாவது இடம்.

அடுத்து சிட்னி 2000 ஒலிம்பிக் 10,000 மீட்டர். எத்தியோப்பியாவோட கெப்ரசெலாசி, கென்யாவோட பால் டெர்காட். டெர்காட் பாவம், 1996 அட்லாண்டாலயே கடைசி சுத்துகள்ல வேகத்தை ஏத்தி ஏத்தி பாத்து கெப்ரசெலாசிய கழட்ட முடியாம வெள்ளியோட போனவரு. சிட்னில மாத்தி யோசிச்சு அவரே ஒளிஞ்சு உக்காந்து கடைசி 250 மீட்டர் வாக்குல தானே கிக் அடிச்சாரு, கெப்ரசெலாசிக்கு திடீர்னு ஷாக். கடைசி நேர்கோட்டுல ரெண்டு பேரும் தோளோட தோள், கெப்ரசெலாசியோட அந்த இடது கை, சின்ன வயசுல புஸ்தகத்த இடுக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடி ஓடி மடங்கியே நின்னுபோச்சுன்னு சொல்லுவாங்களே, அது அப்படியே மடங்கி நிக்குது, ஆனா கால் மட்டும் போகுது. கெப்ரசெலாசிக்கே தங்கம், வித்தியாசம் 0.09 செகண்ட். அதே ஒலிம்பிக்ல 100 மீட்டர் ஃபைனல்ல முதல் ரெண்டு பேருக்கு நடுவுல 0.12 இருந்துச்சு! சத்தியமா 10 கிலோமீட்டர் ஓடி வந்தவங்க இவங்க.

ஒரு எச்சரிக்கை, முன்னாடி ஓடுறான்னா வேகமா ஓடுறான்னு அர்த்தம் இல்ல. ரியோ 1500 மீட்டர்ல அமெரிக்காவோட சென்ட்ரோவிட்ஸ் பெரும்பாலும் முன்னாடி நின்னுக்கிட்டே பேஸை கொன்னு வச்சிருந்தாரு, கல்யாண ஊர்வலம் மாதிரி, ஜெயிச்ச டைம் 3:50.00, 1932-க்கு அப்புறம் அந்த ரேஸ்ல அவ்ளோ மெதுவான தங்கம் கிடையாது. ஆளு முன்னாடி, ஆனா மனசு கிக்கர். குசும்பு.

பாரிஸ் 2024 10,000 மீட்டர் இதுக்கெல்லாம் உச்சம். டோக்கியோல மெதுவா போய் கடைசி சுத்துல பரேகாகிட்ட தோத்த செப்டெகேய், 26:11.00-னு உலக ரெக்கார்டு வச்சிருக்குற ஆளு, பேஸ் இழுக்குறதுக்குன்னே பொறந்தவர்னு நாம நெனச்சவரு. பாரிஸ்ல எத்தியோப்பியாக்காரங்க மூணு பேரும் மாத்தி மாத்தி முன்னாடி போய் சுத்துக்கு 64 செகண்ட் சராசரில எல்லாரையும் வதைக்க, இவரு ஓரமா கூட்டத்துல உக்காந்துட்டு வந்து கடைசி சுத்து பக்கத்துல தாண்டி போயிட்டாரு. 26:43.14, ஒலிம்பிக் ரெக்கார்டு. எத்தியோப்பியாவோட அரேகாவி 26:43.44, அமெரிக்காவோட கிராண்ட் ஃபிஷர் 26:43.46. உழைச்சது ஒரு நாடு, தங்கம் இன்னொரு நாட்டுக்கு. இதையும் அந்த ஆப்ல போட்டு பாத்தேன், 6 நிமிஷம். எத்தியோப்பியாக்காரங்க முன்னாடி இருந்ததே ரெண்டு ஷாட்தான்.

என் கட்சி எதுன்னு கேட்டா முன்னாடி ஓடுறவங்கதான். ஆஸ்திரேலியாவோட ரான் கிளார்க் அத்தனை உலக ரெக்கார்டு வச்சுட்டு ஒலிம்பிக்ல ஒரே ஒரு வெண்கலம், செக்கோஸ்லோவாகியாவோட பழைய சாம்பியன் ஸாடோபெக் தன்னோட தங்கப் பதக்கத்துல ஒண்ண அவருக்கு குடுத்து அனுப்பினாரு. அந்த மாதிரி ஆளுங்க பக்கம்தான் மனசு போகுது, ஆனா மெடல் வேணும்னா கால்ல கிக் இல்லாம போகாதீங்கப்பா.

சரி ரிவ்யூக்கு வரேன். ஆப்: வீடியோ குவாலிட்டி நல்லாருக்கு, அதுக்குத்தான் அந்த ஒரு ஸ்டார். சுத்து டைம் எங்கயும் காட்டல, காசு கட்டினப்புறமும் நடுவுல விளம்பரம், 'முழு ரேஸ்'ங்கறது பச்சைப் பொய். யூடியூப் சேனலுக்கு அஞ்சுக்கு நாலரை, ஸ்டாப்வாட்ச் மட்டும் நீங்களே கைல வச்சுக்கோங்க, ஒவ்வொரு சுத்தும் குறிச்சுட்டே பாத்தா 27 நிமிஷம் போறதே தெரியாது. ரீஃபண்ட் கேட்டு மெயில் போட்டு 11 நாளாச்சு, பதில் இல்ல. ஆட்டோ ரினியூவல ஆஃப் பண்ற பட்டன் எங்கன்னு செட்டிங்ஸ் ஃபுல்லா தேடிட்டு இருக்கேன், யாருக்காவது தெரிஞ்சா கீழ சொல்லுங்க.